எழுத்தைச் சின்னதாக்கிய சீகன்பால்கு



நம் மாணவர் பேரவை ஆண்டு மலர் வேலையில் இந்த வருடம் எனக்குக் கிடைத்த பொறுப்பு, எழுதி வந்த கட்டுரைகளை எல்லாம் சேர்த்து வாலாஜாபாத்தில் ஒரு டி.டி.பி. கடையில் கொடுப்பதும், புரூஃப் வாங்கி வந்து திருத்துவதும். மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கும் அச்சு வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். வேறு யாரும் போகவில்லை, நான் போனேன். அவ்வளவுதான்.

முதல் நாளே ஒரு அதிர்ச்சி. செல்போனில் நாம் தட்டி அனுப்பிய கட்டுரைகளைக் கடை அக்கா தன் கம்ப்யூட்டரில் திறந்தால் ஒரே கட்டம் கட்டமாக வந்தது. தமிழ் எழுத்து ஒன்று கூட இல்லை! அவர் வைத்திருப்பது பழைய பேஜ்மேக்கர். அதற்கு யூனிகோடு தெரியாது. அதனால் ஒவ்வொரு கட்டுரையையும் கன்வெர்ட்டரில் போட்டுப் பழைய எழுத்துருவுக்கு மாற்றி, பிறகுதான் பக்கத்தில் ஒட்ட முடிந்தது. இரண்டாவது அதிர்ச்சி அதை விடப் பெரியது. நாம் காசு கட்டியிருப்பது நான்கு பாரத்துக்கு, அதாவது 64 பக்கத்துக்கு. கடைகளும் கம்பெனிகளும் கொடுத்த விளம்பரம் எல்லாம் போக, கட்டுரை, கவிதை, போட்டோ என்று போட்டுப் பார்த்தால் 68 பக்கம் வந்தது. ஏதாவது நான்கு பக்கத்தை எடு என்றார் அக்கா. சேர்ந்தாற்போல் நான்கு பக்கம் எடுப்பதென்றால் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கடைசியில் வரும் இறுதியாண்டு மாணவர் பெயர்ப் பட்டியல்.

அந்தப் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. எங்கள் வீட்டில் அச்சில் பெயர் வந்தவர் என்று ரேஷன் கார்டைத் தவிர வேறு எதையும் காட்ட முடியாது. நான் எழுதிய இந்தக் கட்டுரையை எடுத்துவிடுங்கள், பட்டியலை எடுக்காதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா கட்டுரைகளை எல்லாம் மொத்தமாகத் தேர்வு செய்து, 12 பாயிண்ட் எழுத்தை 11 ஆக்கினார். வரி இடைவெளியையும் அதற்கேற்பக் குறைத்தார். 40 பக்கம் போயிருந்த கட்டுரைகள் 34 பக்கத்தில் அடங்கிவிட்டன! ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை.

அந்த ஒரு நிமிஷ வேலையைச் செய்ய, இதே தமிழ் மண்ணில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அவர் பெயர் பார்த்தலோமேயு சீகன்பால்கு. பள்ளிப் பாடத்தில் ஒரு வரியில் படித்து, ஒரு மார்க் கேள்வியோடு நாம் மறந்துபோன பெயர்.

முதலில் பேஜ்மேக்கர் பற்றி ஒரு வார்த்தை. மேசை மேலேயே பக்கம் அமைத்து அச்சுக்கு அனுப்பலாம் என்கிற இந்த வித்தை பரவலானது 1985-ல். ஆப்பிளின் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டர், அதன் லேசர் பிரிண்டர், அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட், ஆல்டஸ் கம்பெனியின் பேஜ்மேக்கர் ஆகிய நான்கும் சேர்ந்ததால் வந்தது அது. ஆல்டஸ் என்பது ஒரு பழைய அச்சுக்காரர் பெயர். 1500-ஐ ஒட்டி இத்தாலியின் வெனிஸ் நகரில் அச்சகம் நடத்திய ஆல்டஸ் மனூட்டியஸ் நினைவாக வைத்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? மேசை மேல் வைத்துத்தான் படிக்க முடியும் என்றிருந்த கனத்த புத்தகங்களை, கையில் எடுத்துப் போகிற அளவுக்குச் சின்னதாக்கினார். நெருக்கமான எழுத்து, சின்னப் பக்கம். ஆல்டஸ் கம்பெனியை அடோபி 1994-ல் வாங்கிவிட்டது. பேஜ்மேக்கர் புது வெளியீடு வருவதும் எப்போதோ நின்றுபோனது. ஆனாலும் நம் ஊர்க் கடைகளில் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

வெனிஸில் ஆல்டஸ் செய்ததைத் தமிழுக்குச் செய்ய வேண்டிய கட்டாயம் சீகன்பால்குவுக்கு வந்தது, இருநூறு வருடம் கழித்து.

அவர் பிறந்தது 1682 ஜூலை 10, ஜெர்மனியில் சாக்சனி பகுதியில் புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூர். அப்பா தானிய வியாபாரி. சின்ன வயதிலேயே அம்மாவும் அப்பாவும் இறந்துபோனார்கள். அக்காமார்தான் வளர்த்தார்கள். உடம்பு எப்போதும் நோஞ்சான். ஹாலே நகரத்தில் படிக்கப் போனவர், உடம்பு முடியாமல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். இப்படிப்பட்டவரைத்தான் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக், தன் ஆட்சிக்கு உட்பட்ட தரங்கம்பாடிக்கு மதப்பணி செய்ய அனுப்பினார். தரங்கம்பாடி 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. ஹென்ரிக் புளுட்சோ என்ற நண்பரோடு 1705 நவம்பரில் கோபன்ஹேகனில் கப்பலேறி, 1706 ஜூலை 9-ல் வந்து இறங்கினார். மறுநாள் அவருக்கு 24 வயது நிறைந்தது.

மதம் பரப்ப வந்தவர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வந்த இடத்தில் அவர் செய்த முதல் வேலை மாணவனாக உட்கார்ந்தது. வயதான ஒரு வாத்தியாரை, அவருடைய பள்ளிக்கூடத்தோடு தன் வீட்டுக்கே வரவழைத்தார். பொடிப் பையன்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார். நினைத்துப் பாருங்கள், 24 வயது வெள்ளைக்காரர், பக்கத்தில் ஆறு வயதுப் பிள்ளைகள்! அலெப்பா என்ற மொழிபெயர்ப்பாளரும் துணைக்கு இருந்தார். அவர் போர்ச்சுகீசியம், டேனிஷ், ஜெர்மன் என்று பல மொழி பேசுவாராம். மூன்று நான்கு வருடத்தில் சீகன்பால்கு தமிழில் பேசவும் எழுதவும் தேறிவிட்டார். இங்கிலீஷ் மீடியம் புத்தகத்தைப் பார்த்து முதல் செமஸ்டரில் நான் முழித்ததை நினைத்தால், அந்த மனுஷர் மேல் பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஓலைச்சுவடிகளைத் தேடித்தேடிச் சேர்த்தார். சேர்த்ததைப் படித்து, 1708-ல் ஒரு பட்டியலே தயாரித்தார். எந்த நூல், என்ன பொருள் என்று குறிப்போடு. அதே வருடம் நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். நம் தாத்தா காலத்துத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் முதலில் மனப்பாடம் செய்த நூல்கள் இவை.

1708 அக்டோபரில் பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். தொடங்கின கொஞ்ச நாளிலேயே, தரங்கம்பாடிக் கோட்டையின் டேனிஷ் தளபதி ஹாசியஸோடு மோதல் வந்து, நான்கு மாதம் கோட்டைக்குள் சிறை. தன் நாட்டு அரசர் அனுப்பிய ஆளை அதே அரசரின் தளபதி உள்ளே தள்ளினார்! வெளியே வந்து வேலையைத் தொடர்ந்து 1711 மார்ச்சில் முடித்தார். ஆக, மொழிபெயர்க்க இரண்டரை வருடம். அது முழுதாக அச்சில் வந்தது 1715 ஜூலையில். அச்சாக நான்கு வருடத்துக்கு மேல். ஏன் அவ்வளவு நாள்? என்னைப் பிடித்து உட்கார வைத்தது இந்தக் கேள்விதான். நூலகர் அய்யா எடுத்துக் கொடுத்த இரண்டு பழைய புத்தகங்களில் மதம் சம்பந்தப்பட்ட பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய், இந்த நான்கு வருடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அதுவரை அவர் எழுதியதை எல்லாம் ஆள் வைத்து ஓலையில் எழுத்தாணியால் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பிரதி முடித்து அடுத்த பிரதி எடுக்க, மறுபடி முதல் எழுத்திலிருந்து கீற வேண்டும். செலவும் அதிகம், நாளும் அதிகம். தமிழில் அதற்கு முன் அச்சே இல்லையா என்றால், இருந்தது. அண்ட்ரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578-லேயே கொல்லத்தில் அச்சானது, 16 பக்கம். இந்திய எழுத்தில் அச்சான பழைய புத்தகங்களில் அதுவே முன்னோடி. ஆனால் அந்த முயற்சிகள் தொடராமல் அறுந்துபோயின. சீகன்பால்கு வந்தபோது கைக்கு எட்டுகிற தூரத்தில் தமிழ் அச்சகம் கிடையாது, தமிழ் அச்செழுத்தும் கிடையாது.

லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அவர் வேண்டுகோளைக் கேட்டு ஒரு அச்சு இயந்திரமும், ரோமன் எழுத்துகளும், காகிதமும், கூடவே ஜோனாஸ் ஃபிங்க் என்ற அச்சுக்காரரையும் கப்பலில் அனுப்பியது. இனிமேல் வருவது சினிமாக் கதை மாதிரி இருக்கும். வழியில் பிரேசில் பக்கம், ரியோ டி ஜெனிரோவில் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கப்பலைப் பிடித்துவிட்டார்கள். சரக்கு கொள்ளை போனது. அடித்தட்டில் கிடந்த அச்சு இயந்திரம் மட்டும் எப்படியோ தப்பியது. கப்பல் விடுபட்டு மறுபடி புறப்பட்டால், அச்சுக்காரர் ஃபிங்க் வழியிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். 1712-ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தது இயந்திரம் மட்டும். ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை! கடைசியில் டேனிஷ் கம்பெனிப் படையிலேயே அச்சு வேலை தெரிந்த ஒரு சிப்பாயைக் கண்டுபிடித்தார்கள். அவரை வைத்துப் போர்ச்சுகீசிய மொழியில் சிறு புத்தகங்கள் அடித்தார்கள். ரோமன் எழுத்துதானே இருந்தது.

தமிழ் எழுத்துக்கு என்ன வழி? தமிழ் எழுத்துகளை வரைந்து ஜெர்மனியில் ஹாலேவுக்கு அனுப்பினார். அங்கே தமிழ் ஒரு எழுத்து கூடத் தெரியாத தொழிலாளிகள், படத்தைப் பார்த்துப் படம் வரைகிற மாதிரி, அச்செழுத்துகளை உருவாக்கினார்கள். அந்த எழுத்துகளோடு 1713-ல் ஆட்களும் வந்தார்கள். அவர்களில் ஒருவர் யோகான் காட்லீப் ஆட்லர். எழுத்து வார்க்கத் தெரிந்தவர். அந்த வருடமே தரங்கம்பாடியில் தமிழ் அச்சேறியது. சின்னச் சின்ன வெளியீடுகள்.

எல்லாம் கூடி வந்தது என்று நினைக்கும்போதுதான் முட்டுக்கட்டை. ஹாலேவில் செய்த எழுத்துகள் ரொம்பப் பெரியவை. இவ்வளவு பெரிய எழுத்தில் புதிய ஏற்பாட்டை அடிக்க ஆரம்பித்தால் காகிதம் எங்கே போவது? காகிதம் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வர வேண்டும். வருகிற கப்பலைப் பிடிக்க பிரெஞ்சுக்காரர்கள் இருக்கிறார்கள், மூழ்கடிக்கக் கடல் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள், நண்பர்களே. எழுத்து உயரத்தில் குறையும்போது அகலத்திலும் குறைகிறது. உதாரணத்துக்கு 12 பாயிண்டை 9 ஆக்கினால், முக்காலை முக்காலால் பெருக்க வேண்டும். 0.5625. அதாவது 100 பக்கப் புத்தகம் 56 பக்கம் சொச்சத்தில் முடிந்துவிடும். எழுத்தில் குறைவது கால்வாசி, காகிதத்தில் குறைவது பாதிக்குக் கிட்டத்தட்ட. நம் மலரில் 40 பக்கம் 34 ஆனதும் இதே கணக்குதான்.

ஆனால் சீகன்பால்குவிடம் தேர்வு செய்து எண்ணை மாற்ற கம்ப்யூட்டர் இல்லை. புதிதாகச் சின்ன எழுத்து வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் புதிதாக வார்க்க வேண்டும். நம் ஃபவுண்டரி ஷாப்பில் ஒரு சாதாரண பிளாக்கை வார்க்கவே, மணல் இடிந்து, காற்றுக் குமிழி விழுந்து, இரண்டு முறை திரும்ப ஊற்றினோமே ஞாபகம் இருக்கிறதா? அதை அரிசி மணி அளவில் கற்பனை செய்யுங்கள். அந்தக் காலத்து முறை இதுதான்: முதலில் எஃகுத் துண்டின் நுனியில் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போல் திருப்பிச் செதுக்க வேண்டும். இது பஞ்ச். அதைச் சூடேற்றிக் கடினமாக்கிச் செம்புத் துண்டில் அடித்தால் குழிந்த எழுத்து விழும். இது மேட்ரிக்ஸ், தாய் அச்சு. அதை மோல்டுக்கு அடியில் பொருத்தி ஈயக் கலவையை உருக்கி ஊற்றினால் ஒரு எழுத்து கிடைக்கும். ஒரு பக்கம் கோர்க்க அப்படி நூற்றுக்கணக்கில் வேண்டும். தனி ஈயம் மெத்தென்று இருக்கும், நசுங்கிவிடும். அதனால் ஆன்டிமனி சேர்ப்பார்கள். அது கெட்டித்தன்மை தரும், ஆறும்போது சுருங்குவதையும் குறைக்கும், எழுத்தின் ஓரம் கூர்மையாக விழும். சுருக்க அளவு விட வேண்டும் என்று நமக்குச் சொல்லித் தருகிறார்களே, அதே விஷயம். இன்னொன்று, எல்லா எழுத்தும் ஒரே உயரம் இருக்க வேண்டும். மயிரிழை மாறினாலும் ஒன்று பதியும், ஒன்று பதியாது.

இங்கிலீஷுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இரண்டும் சேர்த்து 52 போதும். தமிழுக்கு 247. கால், கொம்பு தனியாக வார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்றாலும் கு, கூ, மு, மூ வரிசை முழுக்கத் தனித்தனி. சின்னதாக்க ஆக்க ண-வின் சுழிகளுக்குள் மை அடைத்துக்கொள்ளும் ஆபத்து வேறு.

ஆட்லர் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் பொறையாறில் பட்டறை போட்டார். ஈயம்? லண்டன் கழகத்தார் அன்பளிப்பாக அனுப்பியிருந்த பாலாடைக் கட்டி டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கினார்கள்! இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது. எங்கள் ஊரில் பழைய இரும்பு எடுக்கிறவர்கள் ஈயம் என்றால் தனி விலை கொடுப்பார்கள். அந்த மூடி எழுத்தாகி, எழுத்து புத்தகமாகியிருக்கிறது. வார்த்த எழுத்துகள் ஹாலே எழுத்துகளை விடச் சிறியவை. காகிதக் கணக்கு கைக்கு அடங்கியது. 1714-ல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அச்சாகின. 1715-ல் புதிய ஏற்பாடு முழுதும். இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அது. காகிதத்துக்கும் வழி தேடி அதே பொறையாறில் காகித ஆலை ஒன்றை ஆட்லரை வைத்துத் தொடங்கினார்கள். அது நீண்ட நாள் நடக்கவில்லை. மையும் அங்கேயே காய்ச்சினார்கள்.

ஆட்லர் பெயராவது புத்தகத்தில் இருக்கிறது. உலை ஊதியவர், எழுத்தைத் தேய்த்துச் சமன் செய்தவர், எழுத்துக் கோர்த்தவர் என்று நம்மூர் ஆட்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர்கள் பெயரைத் தேடினேன், நான் பார்த்த இரண்டு புத்தகத்திலும் இல்லை.

1714 கடைசியில், சுவிசேஷங்கள் வெளிவந்த கையோடு, சீகன்பால்கு ஐரோப்பா கிளம்பினார். மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் கூட அழைத்துப் போனார். கப்பலில் சும்மா இருக்கவில்லை. தமிழ் இலக்கணத்தை லத்தீன் மொழியில் எழுதினார், பக்கத்தில் மலையப்பன். அது 1716-ல் ஹாலேவில் அச்சானது. தரங்கம்பாடியில் ஓரம் கட்டிய அந்தப் பெரிய எழுத்துகளைச் செய்த அதே ஹாலே. அங்கே மரியா டோரதியாவைத் திருமணம் செய்துகொண்டு, லண்டனில் முதலாம் ஜார்ஜ் மன்னரைப் பார்த்துவிட்டு, 1716 ஆகஸ்டில் திரும்பினார்.

அச்சானதை எல்லாம் சொன்னேன். அச்சாகாததையும் சொல்ல வேண்டும். தமிழர்கள் கும்பிடும் தெய்வங்களைப் பற்றி, தானே கேட்டும் படித்தும் கடிதம் எழுதி விசாரித்தும், 1713-ல் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். ஐயனார், மாரியம்மன், எல்லையம்மன் வரை அதில் உண்டு. ஹாலேயில் இருந்த அவருடைய ஆசிரியர் பிராங்கேவுக்கு அது பிடிக்கவில்லை. மதத்தை மாற்ற அனுப்பினால் அந்த மதத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறாரே என்று கையெழுத்துப் பிரதியைக் கிடப்பில் போட்டார்கள். அது அச்சேறியது 1867-ல், சென்னையில். எழுதி 154 வருடம் கழித்து! நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி மொழிபெயர்ப்பு அச்சானது 1930-ல். தானே அச்சகம் வைத்திருந்தவருக்கே இந்தக் கதி. எழுத்தும் காகிதமும் மையும் இருந்தால் மட்டும் புத்தகம் வந்துவிடாது போலிருக்கிறது. எந்த நான்கு பக்கத்தை எடுப்பது என்று முடிவு செய்கிறவர் வேறு எங்கேயோ இருக்கிறார். நம்முடைய திருக்குறள் கூட ஓலையிலிருந்து அச்சுக்கு வந்தது 1812-ல்தான், தரங்கம்பாடியில் தமிழ் அச்சு தொடங்கிக் கிட்டத்தட்ட நூறு வருடம் ஓடிய பிறகு.

திரும்பி வந்த பின் தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டினார். 1718 அக்டோபரில் திறப்பு. அதற்குள் கோபன்ஹேகனிலிருந்து கண்டிப்பான கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. கட்டடம் எதற்கு, செலவு எதற்கு என்று. ஏற்கெனவே நோஞ்சான் உடம்பு. பழைய ஏற்பாட்டை ரூத் ஆகமம் வரை தமிழாக்கியிருந்தார். 1719 பிப்ரவரி 23-ல் இறந்துபோனார். வயது 36. தான் கட்டிய அதே ஆலயத்துக்குள் புதைத்தார்கள். மிச்சத்தை அவருக்குப் பின் வந்த சூல்ட்ஸ் முடித்து அச்சிட்டார். தரங்கம்பாடியில் அவர் வாழ்ந்த வீட்டை 2017-ல் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள். அடுத்த வருடம் தொழிற்சாலை சுற்றுலாவுக்கு ஒரகடம் கம்பெனிகளையே சுற்றாமல் அங்கேயும் கூட்டிப் போகச் சொல்லி ஜூனியர்கள் கேட்டுப் பார்க்கலாம்.

கடைசி புரூஃப் வாங்கப் போன அன்று, மூன்று மாதத்தில் பாதி நாள் இந்தக் கடையில்தான் கிடந்தாய், பேசாமல் இந்த வேலையையே கற்றுக்கொள் என்றார் அக்கா. சீகன்பால்கு கதையை அவரிடம் சொன்னேன். பாலாடைக் கட்டி மூடியைக் கேட்டுச் சிரித்துவிட்டு, 11 பாயிண்டில் ண-வின் சுழி அடைக்கிறதா என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு முறை பார்த்தார். அடைக்கவில்லை.

பெயர்ப் பட்டியல் 61-ஆம் பக்கத்திலிருந்து 64 வரை. இடம் மிச்சமானதால் அதை மட்டும் 12 பாயிண்டிலேயே விட்டிருக்கிறோம். இனிஷியலில் தப்பு இருந்தால் என்னைத்தான் திட்ட வேண்டும், நான்தான் சரி பார்த்தேன்.